அடைத்த அறையின் காற்று

காசநோய் காற்றின் வழியே பரவும் தொற்றுநோய். இருமுபவரின் நுரையீரலிலிருந்து வெளிப்படும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் மூடிய அறைக்குள் நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். அந்தக் காற்றை உள்ளிழுப்பவர் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவரா, அரசாங்கக் குடியிருப்பில் பிறந்தவரா என்று அவை விசாரிப்பதில்லை. விசாரிப்பவர்கள் மனிதர்கள். யோங் பெங் என்னும் ஊரில் லாரி ஓட்டும் ரோலண்டுக்குக் காசநோய் கண்டிருக்கிறது என்ற செய்தி, சிங்கப்பூர் எல்லைக்கு அருகே தம்போயில் இருந்த சம்பந்தி வீட்டை எட்டிய அன்றே, மகளின் தலைப்பிரசவத்தைத் தன் வீட்டில் வைத்துப் பார்க்கும் உரிமை அவர் மனைவி இன்பராணியின் கையைவிட்டுப் போயிற்று.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எந்த ஏட்டிலும் எழுதப்படாத, ஆயினும் எவரும் மீறத் துணியாத வழக்கம். மகள் ஷர்மைன் கருவுற்ற செய்தி கிடைத்த நாள் முதலே இன்பராணி ஆயத்தங்களில் இறங்கியிருந்தாள். பின்கட்டு அறைக்குப் புதுச் சாயம் பூசினாள். பாலோவில் இருந்த ஒன்றுவிட்ட தங்கையிடம் சொல்லி நாட்டுக்கோழிகள் வளர்க்கச் செய்தாள். தொட்டிலுக்குச் சுருள்கம்பி வாங்கி உத்தரத்தில் மாட்டி, வெறும் தொட்டிலை ஆட்டியும் பார்த்தாள்.

ரோலண்ட் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்பவர். சாதாரணச் சளி என்று தொடங்கிய இருமல் மழைக்காலம் முழுவதும் அவரை விடவில்லை. சளியில் இரத்தம் கண்ட பிறகே அவர் அரசாங்கக் கிளினிக்கின் படியேறினார். நோய் உறுதியாயிற்று. அன்று முதல் காலைதோறும் அங்கே சென்று, மிஸ்ஸி என்று எல்லாரும் அழைக்கும் தாதியின் கண்ணெதிரே ஒரு பிடி மாத்திரைகளை விழுங்கி வந்தார். இன்பராணியின் நெஞ்சையும் படமெடுத்துப் பார்த்தார்கள், குறையொன்றும் இல்லை. மாதங்கள் சில கழிந்தபின் ரோலண்டின் சளியிலும் கிருமி காணப்படவில்லை. இனி அவரால் எவருக்கும் தொற்றாது என்று மருத்துவரே வாய்திறந்து சொன்னார். ஆனால் நோய் போன வீட்டைவிட்டு நோயின் பெயர் அத்தனை எளிதில் போய்விடுவதில்லை.

சம்பந்தி விசுவலிங்கம் பொதுப்பணித் துறையில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்தவர். அந்த ஊர்ப் பேச்சின் சாயலும் அந்த உத்தியோகத்தின் மிடுக்கும் மூன்றாம் தலைமுறையிலும் தேயாமல் இருந்தன. மகன் சிவகணேசன் ஒரு கத்தோலிக்க லாரி ஓட்டுநரின் பெண்ணை விரும்பி மணந்ததை அவரும் அவர் மனைவி தவமணிதேவியும் பொறுத்துக்கொண்டார்கள், ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கசப்புக்குக் காசநோய் ஒரு நல்ல பெயராக வாய்த்தது.

“குழந்தையின்ர நன்மைக்குத்தான் சொல்லுறன். உங்கட வீட்டுக் காத்து அதுக்கு ஆகாது” என்று அவர் தொலைபேசியில் தீர்ப்புச் சொன்னார். பிரசவமும் அதன்பின் முப்பத்தொரு நாள் தீட்டான துடக்கும் தம்போயிலேயே நடக்கும் என்றார். மருத்துவர் சொன்னதை இன்பராணி எடுத்துரைத்தபோது, அரசாங்க மருத்துவர்கள் ஆயிரம் சொல்லுவார்கள், அலுவலகத்தில் இருந்த தமக்கு அதெல்லாம் தெரியும் என்றார். ரோலண்டோடு பழகியவர்களையெல்லாம் பரிசோதிக்க வேண்டும் என்று யோங் பெங் மிஸ்ஸி அழைத்தபோதும், அந்தக் குடும்பத்தோடு தங்களுக்கு நெருங்கிய போக்குவரத்து இல்லையென்று அவரே பதில் சொல்லி முடித்துவிட்டார். ஷர்மைனை மட்டும் கர்ப்பிணி என்பதால் பரிசோதித்தார்கள். தவமணிதேவியின் நெஞ்சை எந்த இயந்திரமும் பார்க்கவில்லை.

வளைகாப்பும் தம்போயில்தான் நடந்தது. ரோலண்ட் வரக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார்கள். இன்பராணி முகமூடி அணிந்துகொண்டு தனியாகப் போனாள். கூடத்துக்குள் இருந்த நாற்காலிகள் அனைத்தும் நிறைந்துவிட்டனவாம். வெளியே, செருப்புகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அவளுக்காகக் காத்திருந்தது. உள்ளே இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்ததை அவள் கண்ணால் கண்டாள். பெற்ற தாய்க்கு முதலில் வரவேண்டிய முறை கடைசியில் வந்தது. மகளின் கையில் வளையல் பூட்டுமுன் யாரோ ஒரு பெண் கிருமிநாசினிக் குப்பியை நீட்டினாள். இன்பராணி கைகளைத் தேய்த்துக்கொண்டாள். முகமூடிக்குள் பற்களைக் கடித்துக்கொண்டது எவருக்கும் தெரியவில்லை.

சாப்பாடு முடிந்து கைகழுவச் சமையலறைப் பக்கம் சென்றபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். தவமணிதேவி பாத்திரம் கழுவும் தொட்டியைப் பற்றிக்கொண்டு, வில்லாக வளைந்து, ஒரு கைக்குட்டைக்குள் இருமிக்கொண்டிருந்தார். தொண்டையிலிருந்து வரும் இருமல் அன்று அது. நெஞ்சின் அடியாழத்தைச் சுரண்டிக்கொண்டு வருவது. ஒரு மழைக்காலம் முழுவதும் அதே ஓசைக்குப் பக்கத்தில் படுத்து எழுந்தவள் இன்பராணி. அந்த அம்மாளின் மணிக்கட்டில் இறுகி நிற்க வேண்டிய வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. அவளைக் கண்டதும் தவமணிதேவி கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“சீனி வருத்தம். தொண்டை காஞ்சு போகுது” என்று சர்க்கரை நோயைக் காரணம் காட்டினார், கேட்காமலே.

இன்பராணி அன்றே வாய்திறந்து சொல்லியிருக்கலாம். மகளிடம், மருமகனிடம், யோங் பெங் மிஸ்ஸியிடம் ஒரு சொல் போதும். ஆனால் செருப்புகளுக்குப் பக்கத்தில் போட்ட நாற்காலி அவள் கண்முன் நின்றது. இருமட்டும் என்று எண்ணினாள். அந்த எண்ணம் நெஞ்சுக்குள் வெல்லம்போல் கரைந்தது. வெளியே வந்து அதே நாற்காலியில், முன்னைவிட நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையில் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்க்க மட்டுமே அவளை விட்டார்கள். கை நீட்டியபோது, பிள்ளை உறங்குகிறது என்று சொல்லித் தவமணிதேவி துணியை இழுத்து மூடினார். பேத்தியை ஒருமுறை கையில் வாங்கிவிட வேண்டும் என்ற ஒரே ஆசை அன்று முதல் இன்பராணியைப் பிடித்து ஆட்டத் தொடங்கியது.

அதற்காகவே அவள் வாரந்தோறும் பேருந்து ஏறி லார்க்கின் பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வாடகைக் காரில் தம்போய்க்குப் போனாள். பால் ஊற வேண்டும் என்று சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் சமைத்து எடுத்துச் சென்றாள். பாத்திரத்தை மதில்மேல் வைக்கச் சொன்னார்கள். வைத்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தபோது, வேலைக்காரி அதைச் சாக்கடையில் கவிழ்ப்பது தெரிந்தது. அவள் திரும்பி வந்து சண்டையிடவில்லை. அடுத்த வாரமும் சமைத்துக்கொண்டு போனாள். கவிழ்ப்பதற்காகவாவது அவர்கள் அவள் பாத்திரத்தைத் தொடவேண்டும் அல்லவா?

குழந்தை இருந்த அறை தெருப்பக்கத்து அறை. காற்றுப் பட்டால் பச்சை உடம்புக்கும் பச்சைக் குழந்தைக்கும் ஆகாது என்று அதன் கண்ணாடிச் சன்னல்களை இறுக மூடியிருந்தார்கள். கதவின் அடியிலும் பழைய சேலையைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். காலையும் மாலையும் உள்ளே சாம்பிராணி போட்டார்கள். தாய்க்குப் பேறுகாலக் காயமருந்தும் சரக்குக் கறியும் தம் கையாலேயே ஆக்கித் தந்து, குழந்தையைக் குளிப்பாட்டி, தடவி, மடியில் போட்டு உறங்கவைப்பது முழுவதும் தவமணிதேவியின் பொறுப்பு. அந்த அம்மாள் பேத்தியை மடியைவிட்டு இறக்குவதே இல்லை. அன்பிலே குறை சொல்ல எதுவும் இல்லை. நோயை வெளியே நிறுத்துவதற்காக அவர் அடைத்த அறைக்குள்ளேதான் அவர் இருமிக்கொண்டும் இருந்தார்.

ஒருநாள் திரைச்சீலை விலகியிருந்த இடுக்கின் வழியே இன்பராணி அந்தக் காட்சியைக் கண்டாள். புகைமூட்டத்தின் நடுவே மடியில் குழந்தை. இருமல் வந்ததும் தவமணிதேவி முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பிய பக்கமும் அதே அறைதான்.

அவளைக் கண்டு ஷர்மைன் வாசல் கம்பிக்கதவு வரை வந்தாள். முகம் வெளுத்து, கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

“என்னாடி இது, பெட்டியாட்டம் அடச்சி வச்சிருக்காங்க?” என்றாள் இன்பராணி.

“காத்துப் பட்டா பாப்பாக்கு ஜன்னி வந்துருமாம். விடுங்கம்மா, முப்பத்தொண்ணு முடியட்டும்.”

“ஒங்க மாமி என்னா அப்படி இருமுறாங்க?”

“சாம்பிராணி பொகைலா. எல்லாருக்கும்தான் இருமல் வருது. நீங்க ஒண்ணும் ஆரம்பிக்காதீங்க.”

ஆரம்பிக்கவில்லை என்று இன்பராணி தோளைக் குலுக்கினாள். அப்பா மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று ஷர்மைன் கேட்டாள். அதற்குப் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து தவமணிதேவியின் குரல் மருமகளை அழைத்தது; பாதிக் குரல் இருமலில் அறுந்துபோயிற்று.

அன்று மாலை வீடு திரும்பிய இன்பராணி, கைகால்கூடக் கழுவாமல் கணவர் முன் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வளைகாப்பன்று கண்ட கைக்குட்டையிலிருந்து தொடங்கினாள். சொல்லச் சொல்ல அவள் குரலில் உற்சாகம் ஏறியது. நம்மைத் தீட்டு என்று ஒதுக்கினவர்கள் வீட்டுக்குள்ளேயே கடவுள் கொள்ளிவைத்தார் என்றாள். இருமி இருமியே போகட்டும், ஊர் சிரிக்கட்டும் என்றாள்.

ரோலண்ட் எதற்கும் பதறாதவர். இரவுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

“ராணி, அந்தம்மா விடுற மூச்சத்தான பாப்பாவும் இழுக்குது?”

அவ்வளவுதான் அவர் சொன்னது. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையைச் சின்ன வயதில் கேட்டுச் சிரித்திருக்கிறாள். அவன் அறுத்தது தன் மூக்கை மட்டுமே. இத்தனை வாரமும் அந்த இருமலைக் கேட்டு இனித்த நெஞ்சு, அந்த அறையில் இன்னொரு சின்ன நெஞ்சும் ஏறியிறங்கிக்கொண்டிருக்கிறது என்பதை எப்படி மறந்தது? மறக்கவில்லை. நினைக்க மறுத்தது.

உடனே மகளை அழைத்தாள். நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் தொடங்கினாள். ஆனால் தவமணிதேவியின் பெயரை எடுத்ததும் அவள் குரலில் பழைய நஞ்சு தானாகவே வந்து கலந்தது. ஷர்மைன் கடைசிவரை கேட்கவில்லை. “ஒங்கள வெளிய நிக்க வச்சதுக்கு அவங்க மேல பழி போடுறீங்க. அவங்க ராப்பகலா என் புள்ளயப் பாக்குறாங்கம்மா. வெக்கமா இருக்கு எனக்கு” என்று சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தாள். மருமகனோ கடல்பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலைக்குப் போய் வருபவன். அம்மாவுக்கு இருப்பது சர்க்கரை நோய்தான் ஆன்ட்டி, நீங்கள் கவலைப்படாதீர்கள் என்று மரியாதையாகக் கதவைச் சாத்தினான். பொய் சொல்பவள் என்ற பெயர் அவளுக்கு இல்லை. ஆனால் பகையோடு சொல்லப்பட்ட உண்மை, கேட்பவர் காதில் பகையாக மட்டுமே விழுகிறது.

மறுநாள் காலை அவள் வெறுங்கையோடு தம்போய்க்குப் போனாள். விசுவலிங்கம் முன்வாசலில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். கம்பிக்கதவைத் திறக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

அவள் முதலில் கெஞ்சினாள். வாழ்நாளில் எவரிடமும் செய்யாததைக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு செய்தாள். சம்பந்தியம்மாளை ஒரே ஒருமுறை நெஞ்சுப் படம் எடுத்துப் பாருங்கள், உங்கள் பேத்திக்காகக் கேட்கிறேன் என்றாள். அவர் நாளிதழை மடிக்காமலே பதில் சொன்னார்.

“அந்த வருத்தம் லயத்துச் சனத்துக்கு வாறது. எங்கட வீட்டுக்கு வராது.”

அந்தச் சொல் அவள் கெஞ்சலைத் தீய்த்துவிட்டது. அழுகையால் ஆகாத காரியத்துக்கு வழியைக் கோபம் காட்டிக்கொடுத்தது. இந்த மனிதர் அன்புக்காக அசையமாட்டார். தன்னை ஒழித்துக்கட்டக் கிடைக்கும் வாய்ப்புக்காக அசைவார் என்று அவளுக்கு அந்தக் கணத்தில் தெளிவாயிற்று.

“சரி. ஒரு பேச்சு பேசிக்குவோம்” என்றாள். “படம் எடுங்க. சளிய டெஸ்ட் பண்ணுங்க. ஒண்ணும் இல்லன்னு வந்தா, மாதா மேல சத்தியமா நான் இனிமே இந்தக் கேட்டுகிட்ட வரமாட்டேன். பேத்தின்னு சொல்லிக்கவும் மாட்டேன். எம்மவளயும் கூப்புட மாட்டேன். நீங்களே வச்சிக்குங்க எல்லாத்தயும்.”

விசுவலிங்கம் அப்போதுதான் நாளிதழை மடித்தார்.

“சொன்ன சொல்லு மாறமாட்டியளே?”

“லயத்துச் சனம் மாறாது.”

அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு மகிழ்ச்சி தோன்றியது. அன்று பிற்பகலே மனைவியைத் தனியார் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். இதற்கெல்லாம் என்ன அவசியம் என்று மறுத்த தவமணிதேவியை, ஒரே நாளோடு அந்தப் பெண்பிள்ளையின் தொல்லை ஒழியும் என்று சொல்லிச் சம்மதிக்கவைத்தாராம். பேத்தியின் நலத்துக்காக எழாத கால்கள் சம்பந்தியின் தோல்வியைக் காண எழுந்தன.

இரண்டு நாள் கழித்து அழைப்பு வந்தது. அழைத்தவர் விசுவலிங்கம் அல்லர், சிவகணேசன். அவன் குரல் பள்ளிப்பிள்ளையின் குரலாகச் சுருங்கியிருந்தது. நெஞ்சுப் படத்தில் அம்மாவின் நுரையீரலின் மேற்பகுதி இரண்டு பக்கமும் வெளுத்திருக்கிறது, சளியில் கிருமி மிகுதியாக இருக்கிறது, வீட்டில் உள்ளவர்களையெல்லாம் அரசாங்கக் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். பிறகு, பாப்பாவுக்கு முந்தாநாளிலிருந்து உடம்பு சுடுகிறது ஆன்ட்டி, பால் குடிக்க மறுக்கிறாள் என்றான்.

வென்றுவிட்டோம் என்ற நினைப்பு ஒரு நொடி வந்தது. வந்ததற்காகவே இன்பராணி தன்னை வெறுத்தாள்.

கிளினிக்கில் இருமல் நோயாளிகளுக்கு என்று கட்டடத்துக்கு வெளியே, நாலாபுறமும் திறந்த ஒரு கொட்டகை இருந்தது. தவமணிதேவி முகமூடியோடு ஒரு மூலையில் தனியாக அமர்ந்திருந்தார். சேலைத் தலைப்பால் தலையை மூடியிருந்தார். விசுவலிங்கம் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்பராணி வந்ததை இருவரும் கண்டார்கள்.

நெஞ்சுப் படம் எடுக்க ஷர்மைனை அழைத்தார்கள். குழந்தையை யாரிடம் கொடுப்பது என்று அவள் நாலாபக்கமும் பார்த்தாள். கணவன் பதிவு முகப்பில் நின்றுகொண்டிருந்தான். மாமியாரிடம் கொடுக்க முடியாது. மாமனார் இன்னும் பரிசோதிக்கப்படவில்லை. அந்தக் கூட்டத்தில் நெஞ்சு சுத்தம் என்று சான்று பெற்றிருந்தவள் இன்பராணி ஒருத்திதான். ஷர்மைன் குழந்தையை அவள் கைகளில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பஞ்சுமூட்டையைவிடக் குறைந்த கனம். துணியைத் தாண்டி வெப்பம் அடித்தது. குழந்தை கண்ணைத் திறக்காமலே ஒருமுறை முகத்தைச் சுளித்தது. மூச்சு விரைவாகவும் குட்டையாகவும் வந்துபோயிற்று. இத்தனை நாள் சன்னல் இடுக்கிலும் கட்டிலின் கால்மாட்டிலும் தேடியது கைக்கு வந்துவிட்டது. இன்பராணி அதன் நெற்றியில் முகமூடி மூடிய வாயை அழுத்தினாள். ஷர்மைன் திரும்பி வந்த பிறகும் குழந்தையைக் கேட்கவில்லை. களைத்துப்போய்த் தாயின் தோளை ஒட்டி உட்கார்ந்தாள்.

அப்போது ரூபேந்திரன் என்ற இளம் மருத்துவ உதவியாளர் வந்தார். நோயாளியை விசாரித்து, தொற்று எங்கெங்கே போயிருக்கக்கூடும் என்று கண்டறிவது அவர் வேலை. ஒவ்வொருவரையும் கேட்டு முடித்து, தவமணிதேவியிடம் வந்தார்.

“ஆன்ட்டி, இருமல் எப்ப ஆரம்பிச்சது? யோசிச்சி சொல்லுங்க. கைக்குழந்தைக்கு எப்படியும் மருந்து குடுக்கத்தான் போறோம். ஆனா நேத்து முந்தாநேத்து இருமல்னா இங்கயே வச்சிப் பாக்கலாம். பொறந்த நாளுலேருந்து இந்தக் காத்துல இருந்திருந்தா இன்னைக்கே வார்டுல சேக்கணும். வயித்துத் தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணணும்.”

தவமணிதேவி தரையைப் பார்த்தார்.

“இப்ப ஒரு கிழமையாத்தான், தம்பி. சாம்பிராணிப் புகையாலே.”

“ஓம், ஒரு கிழமைதான்” என்றார் விசுவலிங்கம் விரைவாக.

விடியுமுன் புறப்பட்டு இருட்டியபின் வீடு வரும் சிவகணேசனுக்கு எந்த இருமலும் தெரியாது. ஷர்மைன் யோசித்து, பிள்ளை பிறந்த பிறகுதான் தான் கவனித்ததாகவும், எந்த வாரத்தில் என்று நினைவில்லை என்றும் சொன்னாள். ரூபேந்திரன் தலையாட்டினார், ஒரு வாரம் என்று எழுதப் பேனா தாளைத் தொட்டது.

இன்பராணிக்கு மட்டும் விடை தெரியும். சொன்னால், எப்படித் தெரியும் என்ற அடுத்த கேள்வி வரும். அதற்கு அடுத்த கேள்வியும் வரும். சொல்லாவிட்டால் தோளை ஒட்டி உட்கார்ந்திருக்கும் மகள் அப்படியே உட்கார்ந்திருப்பாள். யோங் பெங்கில் தொட்டில் காத்திருக்கிறது. நோய் கண்ட தம்போய் வீட்டுக்கு இனி யாரும் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் அவளுக்கே. குழந்தை மீண்டும் ஒருமுறை குட்டையாக மூச்சிழுத்தது.

“வளகாப்பு அன்னிக்கே இருந்துச்சி” என்றாள்.

பேனா நின்றது. எப்படித் தெரியும் என்று ரூபேந்திரன் கேட்டார். சமையலறையில் பார்த்தேன், கைக்குட்டைக்குள் இருமினார்கள், என் வீட்டுக்காரர் இருமிய அதே இருமல் என்று அவள் சொன்னாள். பொய், பச்சைப் பொய் என்று விசுவலிங்கம் முன்னே வந்தார். தவமணிதேவி மறுக்கவில்லை. தலைப்பை இன்னும் கீழே இழுத்துக்கொண்டார். அதுவே போதுமானதாக இருந்தது.

கேட்டவள் ஷர்மைன்.

“அன்னிக்கே தெரியுமா ஒங்களுக்கு?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

யாரும் நம்பியிருக்கமாட்டார்கள் என்று சொல்லலாம். உறுதியாகத் தெரியாது என்றும் சொல்லலாம். இரண்டும் பாதி உண்மைகள். இன்பராணி மகளின் முகத்தைப் பார்த்தாள்.

“செருப்புகிட்ட ஒக்கார வச்சாங்க. இருமிச் சாகட்டும்னு விட்டுட்டேன்.”

ஷர்மைன் எழுந்தாள். அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. இரண்டு கைகளையும் நீட்டிக் குழந்தையை எடுத்துக்கொண்டாள். தாயின் விரல்கள் துணியைப் பற்றியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து விலக்கிவிட்டே எடுத்தாள். பிறகு மாமியாரையும் ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில் இரண்டு கிழவிகளுக்கும் வேறுபாடு இருக்கவில்லை.

குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தாய் தந்தையரைத் தவிர எவரும் வார்டுக்குள் போகக்கூடாது. வெளித் தாழ்வாரத்தில் போட்டிருந்த நாற்காலி வரிசையில் ஒரு கோடியில் இன்பராணி உட்கார்ந்தாள். மறுகோடியில் விசுவலிங்கம் உட்கார்ந்தார். அவர் நெஞ்சிலும் மகன், மருமகள் நெஞ்சிலும் நோயில்லை என்று அன்று பிற்பகல்தான் தெரிந்திருந்தது. தவமணிதேவி மருந்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டு, அதே தெருப்பக்கத்து அறையில் தனித்திருந்தார்.

விசுவலிங்கம்தான் முதலில் வாய்திறந்தார். அவளைப் பார்க்காமல், எதிர்ச்சுவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

“நீங்கள் மனுசியே இல்லை.”

“நீங்க ஒரு கிழமன்னு சொன்னீங்களே” என்றாள் இன்பராணி. “அந்தக் கிளினிக் தம்பி அத எழுதியிருந்தா இப்ப எங்க ஒக்காந்திருப்பீங்க?”

அவர் எழுந்து இன்னொரு வரிசைக்குப் போய்விட்டார்.

மாலையில் சிவகணேசன் வெளியே வந்தான். குழந்தையின் நுரையீரலில் ஒரு சிறு நிழல் இருக்கிறது, வேளையோடு கொண்டுவந்தீர்கள், இன்னும் சில நாள் விட்டிருந்தால் மூளைக்கு ஏறியிருக்கும் என்று மருத்துவர் சொன்னாராம். மாதக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டுமாம். வார்டிலிருந்து வந்தபின் எங்கே போவது என்று முடிவு செய்துவிட்டதாகவும் சொன்னான்: தம்போயும் இல்லை, யோங் பெங்கும் இல்லை, அவனுடைய வேலைத்தோழர் ஒருவரின் அடுக்குமாடி வீடு காலியாக இருக்கிறது. முகவரியைச் சொல்லவில்லை.

“ஷர்மைன் ஒங்கள பாக்கமாட்டேன்னு சொல்லிட்டா, ஆன்ட்டி. வீட்டுக்குப் போகச் சொன்னா.”

இன்பராணி தலையசைத்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“பாப்பா மருந்து குடிச்சாளா?”

“மொத தடவ துப்பிட்டா. மிஸ்ஸி திரும்பக் குடுத்தாங்க.”

“குடிச்சாளா?”

“குடிச்சா.”

அவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். அது போதும் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். போதவில்லை. லார்க்கினில் கடைசிப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் நடக்கத் தொடங்கினாள்.